என்.சி.சி.யா, நாடகமா, கடற்கரையா? சென்னையில் கல்லூரி சேர்ந்தவர்கள் எதை முயன்று பார்க்கலாம்

"அக்கா, எங்க காலேஜ்ல எல்லா கிளப்பும் ஒரே நாள்ல ஸ்டால் போட்டுட்டாங்க. பதினொரு ஃபார்ம் வாங்கிட்டு வந்துட்டேன். எதை நிரப்பறது?" இப்படிக் கேட்டிருப்பவர் திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து, நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஷிஃப்டில் பி.காம். படிக்கும் பெண். இன்னொருவர் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் விடுதியில் தங்கி முதலாம் ஆண்டு பொறியியல் படிக்கிறார். "ஸ்கூல்ல பி.டி. பீரியடைக்கூட மேத்ஸ் சாரே எடுத்துக்கிட்டார். இப்பவாவது ஒரு விளையாட்டு கத்துக்கணும்னு ஆசையா இருக்கு. ரொம்ப லேட்டா?"

லேட் இல்லை தம்பி. ஆனால் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பதினெட்டு வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறவருக்கும் மேடை ஏறுகிறவருக்கும் சில கதவுகள் உடனே திறக்கும், சில திறக்கவே திறக்காது. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த இடம் கற்றுத்தருமா, ஏற்கெனவே கற்றவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுமா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் சுவரொட்டி உண்டு, படிவம் உண்டு, "வாங்க வாங்க" என்று கூப்பிடும் சீனியர்கள் உண்டு. ஆனால் கல்லூரி வாலிபால் அணி போட்டியில் வெல்வதற்காக இருக்கிறது. உங்களுக்கு வாலிபால் சொல்லித்தருவது அதன் வேலையாக யாரும் வைக்கவில்லை. அதில் குற்றம் எதுவும் இல்லை. இது தெரியாமல் போய் நின்று, மூன்றாம் நாளே "எனக்கு விளையாட்டே வராது" என்று முடிவுகட்டிக்கொண்டு வீடு திரும்புகிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

2014-ல் நானும் அப்படிப் போய் நின்றேன். வாலிபால் செலக்‌ஷனில் என்னோடு வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் விளையாட்டு விடுதிகளில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். "ஸ்கூல்ல ஆடியிருக்கியாம்மா?" என்று பயிற்சியாளர் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஓரமா உக்காந்து பாரு." மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் நாள், பக்கத்தில் ஹேண்ட்பால் பயிற்சிக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். அங்கே கோல்கீப்பரைத் தவிர எல்லோரும் புதியவர்கள். பந்தை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கினார்கள். இரண்டு வருடம் ஆடினேன். இரண்டு அணிக்கும் மைதானம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான்.

அடுத்தது நேரம். வாரத்துக்கு எத்தனை மணி என்பதைவிட, எந்த மணி என்பது முக்கியம். காலை ஆறு மணிப் பயிற்சி விடுதி மாணவருக்கு ஒரு மாடி இறங்கும் தூரம். அதே பயிற்சி திருநின்றவூர்க்காரருக்கு விடியாத நேரத்து ரயில். அதோடு ஒட்டியது வீடு திரும்பும் வழி. பயிற்சி முடியும் நேரத்தைக் கேட்காதீர்கள். வழக்கமாக எல்லோரும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், உங்கள் தடத்தில் யார் கூட வருவார்கள் என்று கேளுங்கள். சென்னையில் இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்பும் பெண்ணுக்கு, கூட வரும் ஒரு தோழி இருப்பதும் இல்லாததும் அந்தக் கிளப்பில் நீடிப்பதா விலகுவதா என்பதையே தீர்மானித்துவிடும்.

பிறகு வருகைப் பதிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும். குறைந்தால் காண்டனேஷன் கட்டணம், அதாவது அந்தக் குறைவை மன்னிக்கச் சொல்லிக் கட்டும் பணம். இன்னும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரிக்காகப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடுவது) கிடைக்கும் என்று எல்லாக் கிளப்பும் சொல்லும். அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும், எத்தனை நாளுக்குள் துறையில் கொடுக்க வேண்டும், செமஸ்டருக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்பவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நான் முதலாமாண்டில் ஆசைப்பட்டு நான்கு இடங்களில் பெயர் கொடுத்து, ஓ.டி. கடிதங்களைப் பையிலேயே வைத்திருந்து கடைசி வாரம் கொண்டுபோய் நீட்டினேன். தேதி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். 71 சதவீதத்தில் நின்று கட்டணம் கட்டினேன். அந்தப் பணத்தை அப்பாவிடம் கேட்ட மாலை இன்னும் நினைவிருக்கிறது.

காசும், விலகும் வழியும் மீதி இரண்டு. காசு என்றால் சேரும் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஷூ, உடை, பயிற்சிக்குப் பின் வரும் பசி, கடைசிப் பேருந்தை விட்டால் ஆட்டோ எல்லாம் அதில் சேரும். விலகும் வழியை யாருமே யோசிப்பதில்லை. முயன்று பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியதே, பிடிக்காவிட்டால் எப்போது, எப்படி வெளியே வரலாம் என்பதைத்தான்.

சென்னை மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளில் பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), விளையாட்டு, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் போன்ற ஏதாவது ஒன்றில் பங்கேற்றால்தான் அந்த கிரெடிட் கிடைக்கும். பொறியியல் கல்லூரிகளிலும் இதுபோல் ஒன்றில் பெயர் பதியச் சொல்வது வழக்கம். எப்படியும் ஒரு பெட்டியில் டிக் அடிக்கத்தான் போகிறீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரர் அடித்ததையே அடிக்காமல் யோசித்து அடியுங்கள்.

## கல்லூரி விளையாட்டு அணி

நகரத்துப் பெரிய கல்லூரிகளில் கிரிக்கெட், வாலிபால், கூடைப்பந்து, கால்பந்து அணிகள் பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களாலேயே நிரம்பியிருக்கும். அவர்களுக்கு அது படிப்புக்கு இணையான வேலை. கல்லூரிகளுக்கிடையேயான போட்டி, பல்கலைக்கழக அணி, முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவு என்று அவர்கள் ஏற வேண்டிய படிகள் உண்டு. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கனவோடு வந்தவர்களிடையே "சும்மா ட்ரை பண்ணலாம்னு வந்தேன்" என்று போய் நிற்பது அவர்களுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

ஆனால் கூட்டம் சேராத விளையாட்டுகளின் கதை வேறு. ஹேண்ட்பால், பால் பேட்மிண்டன், கோ-கோ, வாள்வீச்சு, பளுதூக்குதல், நெடுந்தூர ஓட்டம் ஆகியவற்றில் அணியை முழுமையாக்கவே பல கல்லூரிகளில் ஆள் தேடுவார்கள். கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் ஃபிசிக்கல் டைரக்டரிடம் நேராகப் போய், "சார், எந்த கேமுக்கு ஆள் குறையுது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் முதலாமாண்டு மாணவர்கள் மிகக் குறைவு. கேட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

இதற்குச் சென்னையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. வண்ணாரப்பேட்டைப் பெண் பவானி தேவி பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது, வாள்வீச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் அவர்தான். அவர் தொடங்கியது ஆறாம் வகுப்பில், நீங்கள் தொடங்குவது கல்லூரியில். ஒலிம்பிக்குக்காக இதைச் சொல்லவில்லை. யாரும் நிற்காத வரிசையில் இடம் இருக்கும், அந்த இடத்திலும் முழு மனதோடு விளையாட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு: உடம்பு. விளையாடியே பழகாத உடம்போடு திடீரென்று வாரம் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனால் முதல் மாதத்திலேயே கணுக்கால் அல்லது முழங்கால் பேசும். தேய்ந்த ஷூவோடு சிமெண்ட் தரையில் குதிக்காதீர்கள். நல்ல ஷூவுக்குப் பணம் சேரும்வரை வெறும் ஓட்டமும் உடற்பயிற்சியும் செய்யுங்கள். பசியும் ஒரு செலவுதான். பயிற்சி முடிந்ததும் வாழைப்பழம், முட்டை, சுண்டல் ஏதாவது கிடைக்க வழிசெய்துகொள்ளுங்கள். பஜ்ஜியிலும் டீயிலும் ஒரு செமஸ்டர் ஓட்டிவிடலாம் என்று நினைத்து மயங்கி விழுந்தவர்களை அறிவேன்.

யாருக்குப் பொருந்தும்: விடுதியில் அல்லது கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பவர், தோற்றாலும் அணியோடு இருப்பதில் சந்தோஷப்படுகிறவர், மாற்று வீரராக ஒரு வருடம் பெஞ்சில் உட்காரப் பொறுமை உள்ளவர்.

## என்.சி.சி.

1948-ல் தொடங்கிய அமைப்பு. ஒற்றுமையும் ஒழுக்கமும் என்பது அதன் கொள்கை வாசகம். நான் மேலே கேட்ட பெரிய கேள்விக்கு இது கொடுக்கும் பதில் விசித்திரமானது: முதல் நாள் தேர்ந்தெடுக்கும், பிறகு எல்லாவற்றையும் கற்றுத்தரும். ஓடச் சொல்லுவார்கள், உயரம், உடற்தகுதி பார்ப்பார்கள், இருக்கும் இடங்களுக்கு ஆள் எடுப்பார்கள். உள்ளே போய்விட்டால் நிற்பது எப்படி என்பதிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். அணிவகுப்பு, வரைபடம் வாசித்தல், 0.22 ரைஃபிள் சுடுதல் என்று வீட்டில் யாரும் செய்திராத காரியங்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று பிரிவுகள் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பிரிவும் இருக்காது.

வெளியே தெரியும் செலவு ஏறக்குறைய இல்லை. சீருடைக்கு வழிசெய்துவிடுவார்கள், பரேடு முடிந்ததும் சிற்றுண்டி தருவார்கள். ஆனால் இதில் விலகும் வழிதான் குறுகல். இரண்டாம் ஆண்டில் பி சான்றிதழ்த் தேர்வு, மூன்றாம் ஆண்டில் சி சான்றிதழ்த் தேர்வு. இரண்டையும் எழுத அணிவகுப்பு வருகை 75 சதவீதம் வேண்டும், முகாமும் போயிருக்க வேண்டும். ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. எனவே "முயன்று பார்க்க" என்ற எண்ணத்தோடு இதில் சேராதீர்கள். மற்றவற்றை முயன்று பார்க்கலாம். இதை முடிவு செய்துவிட்டுச் சேருங்கள். அதற்கு ஒரு வழி உண்டு. சேரும் முன் இரண்டு பரேடு நாள்களில் மைதானத்து ஓரத்தில் நின்று முழுவதும் பாருங்கள். வெயிலில் நிற்பவர்களைப் பார்த்து உங்களுக்கு அங்கே நிற்கத் தோன்றுகிறதா, நிழலுக்குப் போகத் தோன்றுகிறதா?

முடிவு செய்துவிட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும். சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், தரைப்படையின் குறுகியகாலப் பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல், விண்ணப்பங்களைச் சலித்தெடுத்து நேரே எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு அழைக்கும் தனி வழி இருக்கிறது. அதில் வென்றவர்களுக்குப் பயிற்சி நடப்பது தாம்பரம் ரயிலில் நாம் தினமும் கடந்துபோகும் பரங்கிமலையில்தான், அங்குள்ள அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில்.

மறைந்திருக்கும் செலவு: பத்து நாள் முகாம் உங்கள் இன்டர்னல் தேர்வைப் பார்த்து வராது. முகாமிலிருந்து வந்து விட்ட பாடத்தைப் பிடிக்க வகுப்பில் நோட்ஸ் தரும் ஒரு நட்பு அவசியம். முடிவெட்டு, பூட் பாலிஷ், விடிகாலைப் பயணம் எல்லாம் சேரும்.

யாருக்குப் பொருந்தும்: சீருடைப் பணியில் கண் உள்ளவர், யாராவது சொன்னால்தான் எழுந்து ஓடுவேன் என்று தன்னைத் தெரிந்து வைத்திருப்பவர். இரண்டாம் வகையினருக்கு என்.சி.சி. செய்யும் நன்மையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத என் தோழி மூன்றாம் ஆண்டில் நூறு பேருக்குக் கட்டளை கொடுத்தாள். அந்தக் குரல் எங்கள் ஆய்வகம் வரை கேட்டது.

## என்.எஸ்.எஸ்.

காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை, செலவும் இல்லை. ஆனால் பிரிவுக்குப் பிரிவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சில இடங்களில் அது மரக்கன்றோடு படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். சில இடங்களில் வாழ்க்கையையே திருப்பிப்போடும். கண்டுபிடிக்க எளிய சோதனை: ஒரு சீனியரிடம் "கடைசி முகாம் எந்த ஊர்ல, அங்க என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரும், தூர் வாரிய குளமும், சோறு போட்ட பாட்டியும் பதிலில் வந்தால் உடனே சேருங்கள். "ஏதோ ஒரு கிராமம்" என்றால் வேறு பக்கம் பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் இரண்டாம் ஆண்டு. எங்கள் பிரிவு ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பால் பவுடர், பாய், நாப்கின், மெழுகுவர்த்தி எனப் பிரித்துப் பொட்டலம் கட்டியது. அதுவரை சாதாரண உறுப்பினராக இருந்தவர்கள் பட்டியல் எழுதவும் லாரி அனுப்பவும் இரவோடிரவாகக் கற்றுக்கொண்டார்கள். எந்த விளையாட்டிலும் எனக்கு அவ்வளவு நெருங்கிய நண்பர்கள் கிடைக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு: ஞாயிற்றுக்கிழமைகள். யாருக்குப் பொருந்தும்: எதில் ஆர்வம் என்றே இன்னும் தெரியாதவருக்கு. இதில் சேர்ந்தபடியே வேறொன்றையும் முயன்று பார்க்கலாம்.

## மேடை: கல்ச்சுரல்ஸ், நாடகம், தமிழ் மன்றம்

இசைக்குழு, நடனக் குழு ஆகியவை முழுக்கத் தேர்ந்தெடுக்கும் இடங்கள். சின்ன வயதிலிருந்தே பாட்டு வகுப்பு, நடன வகுப்பு போனவர்களோடு லைட் மியூசிக் ஆடிஷனில் போட்டியிட வேண்டியிருக்கும். ஐ.ஐ.டி.யின் சாரங், கிண்டி பொறியியல் கல்லூரியின் டெக்கோஃபெஸ் போன்ற விழாக்களில் கல்லூரிப் பெயரைச் சொல்லி மேடையேறப் போகிறவர்கள் அவர்கள். நடனக் குழுவில் கேட்க வேண்டியது உடை வாடகைதான். ஒவ்வொரு மேடைக்கும் ஒரு உடை, அதைப் பங்குபோட்டு ஒவ்வொருவர் கையிலிருந்தும் வாங்குவார்கள். இதைச் சேரும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாடகம் கொஞ்சம் தாராளமானது. நடிக்க இடம் இல்லாவிட்டாலும் விளக்கு, இசை, அரங்கப் பொருள், வசனம் சொல்லிக்கொடுப்பது எனப் பத்து வேலை இருக்கும். பின்னரங்கில் ஒரு வருடம் இருந்துவிட்டு அடுத்த வருடம் நடித்தவர்கள் உண்டு. ஆனால் அரங்கேற்றத்துக்கு முந்தைய இரண்டு வாரம் ஒத்திகை இரவு ஒன்பதைத் தாண்டும். விடுதி வாசல் மூடும் நேரத்தையும் கடைசி ரயிலையும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

தமிழ் மன்றத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் கணக்கில், சென்னைக் கல்லூரிகளில் செலவே இல்லாமல் அதிகம் கற்றுத்தரும் இடம் அதுதான். பேச்சு, கவிதை, பட்டிமன்றம், விவாதம் ஆகியவற்றுக்கு முன்அனுபவம் கேட்க மாட்டார்கள். கூட்டங்கள் பெரும்பாலும் மதிய இடைவேளையிலேயே முடிந்துவிடும். மற்ற குழுக்களில் கையிலிருந்து காசு போகும், இங்கே வரவும் வாய்ப்புண்டு. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாள்களையொட்டி மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் பேச்சுப் போட்டிகளில் பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று தருகிறார்கள். அதைவிடப் பெரிது, ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசக் கற்றுக்கொள்வது. கேம்பஸ் இன்டர்வியூவில் அது கூடவே வரும்.

ரோபோடிக்ஸ், கோடிங் போன்ற தொழில்நுட்பக் கிளப்புகளைத் தனியாக எடைபோடவில்லை. அவை பாடத்தின் நீட்சி. வேலைக்கு உதவும் என்பதற்காகச் சேருங்கள், நல்லது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு மாலையிலும் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதை, நம் பொறியியல் தம்பி கேட்ட "விளையாட்டு" என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

## கல்லூரி வாசலுக்கு வெளியே

கேள்வி கேட்ட இருவருமே இதை நினைத்துப் பார்க்கவில்லை. கல்லூரியில் இடமில்லை என்றால் ஊரில் இடமில்லை என்று அர்த்தமில்லை.

பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காலையில் போனால் தட்டு எறிந்து ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அல்டிமேட் ஃபிரிஸ்பீ. 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றுதான் சாமான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, அடுத்தவரைத் தொட்டுத் தள்ளக் கூடாது, எதிர் எல்லைக்குள் நின்று பிடித்தால் புள்ளி. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். நடுவர் கிடையாது, தவறு நடந்தால் ஆடுபவர்களே நின்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தேன். என் கை பட்டு எதிரணிப் பெண் தட்டைத் தவறவிட்டாள். "ஃபவுல்" என்றாள். "ஆமாம்" என்று நானே ஒப்புக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கணம் எனக்குப் புதிதாக இருந்தது. மணலில் வெறுங்காலோடு ஆடலாம், ஷூ செலவும் இல்லை. பள்ளியிலேயே இதை ஆடிப் பழகியவர்கள் குறைவு என்பதால் புதியவருக்கு எப்போதும் இடம் உண்டு.

மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இடங்கள் அடுத்தவை. வேளச்சேரி நீச்சல் வளாகம், பெரியமேடு நேரு விளையாட்டரங்கம், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம் என நகரம் முழுக்க இருக்கின்றன. தனியார் அகாடமிக்குப் பணம் கட்டும் முன் இங்கே நேரில் போய்ப் பயிற்சி நேரமும் கட்டணமும் கேட்டுவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை நீச்சல்தான். கடலும் ஏரியும் வெள்ளமும் உள்ள ஊரில் வாழ்கிறோம். ஆனால் கற்றுக்கொள்வது குளத்தில் மட்டுமே. மணலில் ஆடி முடித்த வியர்வையோடு மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ கடலில் இறங்காதீர்கள். நம் கரையில் அடியில் இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோயிருக்கிறது.

வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. வியாசர்பாடியில் கால்பந்து, தெருவுக்குத் தெரு கேரம், குத்துச்சண்டை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா அந்தப் பகுதியிலிருந்து வந்தவர். உங்கள் வீட்டுப் பக்கம் இப்படி ஒரு மன்றம் இருந்தால், கல்லூரி அணிக்காக நகரத்தின் மறுமுனைக்கு அலைய வேண்டியதில்லை.

விளையாட்டு வேண்டாம், ஆனால் உடம்பு அசைய வேண்டும் என்பவருக்கு ஒன்று சொல்கிறேன். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை, மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் இரவெல்லாம் மணலில் நடந்து கூடுகளைத் தேடுகிறார்கள். முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 1988-லிருந்து இந்த வேலையைச் செய்து வருபவர்கள், தொடங்கியவர்களும் மாணவர்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்வார்கள். ஒரு முறை நடந்து பாருங்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கும் மேல் இருக்கும். எண்ணி எண்ணி எடுக்கும்போது கை தானாகவே மெதுவாகும்.

கோவளத்தில் அலைச்சறுக்கு, அடையாற்றில் துடுப்புப் படகு ஆகியவையும் சென்னைக்கே உரியவை. அழகானவை. ஆனால் முதலாவதற்கு வகுப்புக்கு வகுப்பு கட்டணம், இரண்டாவது பெரும்பாலும் உறுப்பினர் கிளப்புகளின் கையில் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் ஒருநாள் அனுபவமாக வைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு: ஓ.டி. கிடையாது, கிரெடிட் கிடையாது, சான்றிதழ் கிடையாது. போக்குவரத்து முழுக்க உங்கள் பொறுப்பு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை என்பது இதில் பெரிய உதவி. அக்டோபர், நவம்பரில் மழை பாதி நாளைத் தின்றுவிடும். யாருக்குப் பொருந்தும்: கல்லூரிக்குள் யாரும் தெரியாத, யாரும் மதிப்பிடாத இடத்தில் தொடங்க விரும்புகிறவருக்கு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | புதியவருக்கு இடம் | நேரம் | கைக்காசு | விலகுவது |
|---|---|---|---|---|
| பெரிய அணிகள் | மிகக் குறைவு | வாரம் 5, 6 நாள், காலை அல்லது மாலை | ஷூ, உணவு | எளிது |
| ஆள் தேடும் அணிகள் | நிறைய | கிட்டத்தட்ட அதே | ஷூ, உணவு | போட்டிப் பருவத்தில் சங்கடம் |
| என்.சி.சி. | தேர்வில் வென்றால் முழுமையாக | வார பரேடு, நீண்ட முகாம் | மிகக் குறைவு | கடினம். சான்றிதழ் போய்விடும் |
| என்.எஸ்.எஸ். | எல்லோருக்கும் | இரண்டு ஆண்டில் 240 மணி | இல்லை | கிரெடிட் பார்த்து முடிவு செய்யவும் |
| இசை, நடனம் | குறைவு | விழாவுக்கு முன் இரவுகள் | உடை வாடகை | குழுவைப் பாதிக்கும் |
| நாடகப் பின்னரங்கு | நிறைய | அரங்கேற்றத்துக்கு முன் இரவுகள் | குறைவு | நாடகம் முடிந்ததும் எளிது |
| தமிழ் மன்றம் | எல்லோருக்கும் | மதிய இடைவேளை | இல்லை | மிக எளிது |
| வெளியே | நிறைய | நீங்கள் முடிவு செய்வது | பயணம், சில இடங்களில் கட்டணம் | மிக எளிது |

## கேட்ட இருவருக்கும்

திருநின்றவூர்த் தங்கைக்கு: உங்களுக்கு வகுப்பு மதியத்துக்கு மேல். உங்கள் கையில் உள்ள சொத்து காலை நேரம்; அது நகரத்தில் இல்லை, உங்கள் ஊரில் இருக்கிறது. விளையாட்டை வீட்டுப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலோ ஆவடியிலோ காலை ஓட்டம், சிலம்பம், பேட்மிண்டன் என எது கிடைக்கிறதோ அது. கல்லூரியில் ஒரே ஒரு படிவம் நிரப்புங்கள்: தமிழ் மன்றம். ஒரு ரயில் முன்னதாக ஏறினால் வகுப்புக்கு முன்பே கூட்டம் முடிந்துவிடும். கிரெடிட்டுக்கு என்.எஸ்.எஸ்.ஸில் டிக் அடியுங்கள், மேலே சொன்ன முகாம் கேள்வியைக் கேட்டுவிட்டு. நடனக் குழுவில் ஆசை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒத்திகை ஏழு மணிக்குத் தொடங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆவடி, திருநின்றவூர் பக்கம் போகும் இன்னொரு பெண் அந்தக் குழுவில் இருந்தால் மட்டும் போங்கள். இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம்.

ஓ.எம்.ஆர். தம்பிக்கு: விடுதியில் இருப்பதால் காலையும் மாலையும் உங்களுடையவை. நாளைக்கே ஃபிசிக்கல் டைரக்டரிடம் போய் எந்த விளையாட்டுக்கு ஆள் குறைகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது எதுவானாலும் மூன்று வாரம் போங்கள். முதல் வாரம் உடம்பு வலிக்கும், இரண்டாம் வாரம் வெட்கமாக இருக்கும், மூன்றாம் வாரம்தான் அந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று தெரியும். அதற்கு முன்னால் முடிவு எடுக்காதீர்கள். அவர் எதுவும் இல்லை என்றால், விடுதியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை திருவான்மியூர் வரை பேருந்து பிடித்து, அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போங்கள். தட்டு எறிபவர்கள் ஓய்வெடுக்கும் நேரம் பார்த்து, "நானும் வரலாமா?" என்று கேளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.